விடைக்குறிப்பு வேதமன்று!

‘கீழ்க்காணும் ஆங்கில வாக்கியத்திலே பிழையான பகுதி எது?’ என்று கேட்கிறது வினாத்தாள். அடிக்கோடிட்ட பகுதிகள் நான்கு. அவற்றுக்கு அப்பால் ‘பிழையில்லை’ என்று ஐந்தாவது வழி. ஐந்திலே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வங்கி எழுத்தர் பணிக்கான முதல்நிலைத் தேர்விலே ஆங்கிலப் பகுதிக்கு 30 வினாக்கள், 20 நிமிடங்கள். வினா ஒன்றுக்கு 40 நொடி! தவறினால் கிடைத்த மதிப்பெண்ணிலிருந்தும் கால் மதிப்பெண் கழிந்துவிடும். நடுவண் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரித் தேர்வு முதல் கட்டத்திலே 25 வினாக்கள் ஆங்கிலத்துக்கு. தவறான விடைக்கு அரை மதிப்பெண் இழப்பு. ஆசிரியர் தகுதித் தேர்விலும் 30 மதிப்பெண் ஆங்கிலத்துக்கு உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தமிழ்த்தாளைக் கட்டாயமாக்க 2021 டிசம்பரிலே ஆணை பிறந்தது. நாற்பது விழுக்காடு பெறாதார் தகுதி பெறார் என்ற நிலை வந்தது. நல்ல மாற்றம், நாம் வரவேற்கும் மாற்றம். ஆயினும் நடுவண் அரசுப் பணிக்கும் வங்கிப் பணிக்கும் செல்ல விழைவோர் முன்னே, அந்த ஐந்து வழிகளும் இன்றும் நிற்கின்றன.

வெள்ளாற்றங்கரைத் திட்டக்குடியை எண்ணிப் பாருங்கள். தந்தை கரும்புக் கொல்லையிலே. தாய் களை பறிக்கும் கூட்டத்திலே. குடும்பத்திலே முதன்முதலாகப் பட்டம் பெற்ற மகளோ, பழைய வினாத்தாள்களைக் குவித்து வைத்துக்கொண்டு, ‘இது சரியா, அது சரியா’ என்று ஏங்கிக் கொண்டிருக்கிறாள். ஏன் சரி என்று கேட்டால், ‘விடைக்குறிப்பிலே அப்படித்தான் இருக்கிறது’ என்பதே அவளுக்குக் கிடைக்கும் பதில். கேள்வி கேட்கக் கற்ற இயக்கத்தாருக்கு இந்தப் பதில் எங்கேயோ கேட்ட குரலாக இருக்கும்! ‘ஏன் இப்படி?’ என்றால், ‘ஏட்டிலே அப்படி எழுதியிருக்கிறது’ என்று சொன்னவர்களை நாம் முன்பே பார்த்திருக்கிறோமல்லவா?

ஆகவே, வேலைவாய்ப்புச் செய்தியாக மட்டுமே எண்ணி விட்டுவிடக் கூடியதன்று இது. அறம் பற்றிய கேள்வி ஒன்று இதனுள்ளே அடங்கியிருக்கிறது. ஒரு வாக்கியத்தைச் ‘சரி’ என்று தீர்ப்பளிப்பவர் யார்? எதனால் அளிக்கிறார்? அறிவு ஒப்பாத விடையையும், மதிப்பெண் வேண்டிக் ‘சரி’ என்று குறிப்பது நேர்மையாகுமா?

திட்டக்குடிக்கு அண்டையிலே உள்ளது விருத்தாசலம். பீங்கான் தொழிலால் பெயர் பெற்ற ஊர். அத்தொழிலிலே, களிமண் கூழைப் பாரிஸ் சாந்தாலான அச்சிலே ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சிக் கொள்ளும். மண் அச்சின் உருவை ஏற்றுக்கொள்ளும். பிறகு உலர்த்திச் சூளையிலே சுடுவார்கள். அச்சு இல்லையேல், ஒன்றுபோல் ஒன்றாக நூறு கிண்ணங்கள் இல்லை. ஆனால், பலமுறை ஊற்றிய அச்சு தேயும், விளிம்பு மழுங்கும், அப்போது தொழிலாளி அதை ஒதுக்கிவிட்டுப் புதிய அச்சைச் செய்கிறார். தேய்ந்த அச்சின் முன்னே சூடம் கொளுத்தி, ‘ஆதியும் அந்தமும் அற்றதே!’ என்று அவர் விழுந்து வணங்குவதில்லை. இலக்கண விதியும் அச்சுத்தான். மனிதன் செய்தது, மனிதனுக்குப் பயன்படுவது, தேய்ந்தால் மனிதனே மாற்ற வேண்டியது.

ஆங்கில அச்சைச் செய்தவர்கள் யார்? 1761-இலே ஜோசப் பிரீஸ்ட்லி ஆங்கில இலக்கண நூலொன்று வெளியிட்டார். பின்னாளிலே, 1774-இலே, ஆக்சிஜனைப் பிரித்துக் காட்டிய அதே அறிவியலறிஞர்! மக்கள் வழக்கே மொழிக்கு அளவுகோல் என்பது அவர் கொள்கை. மறு ஆண்டு, 1762-இலே, ராபர்ட் லௌத் வேறோர் இலக்கணம் எழுதினார். பின்னாளிலே லண்டன் பிஷப்பாக உயர்ந்தவர் இவர். ஷேக்ஸ்பியரும் மில்ட்டனும் எழுதியவற்றிலிருந்தே சான்றுகள் எடுத்து, இங்கே பிழை, அங்கே பிழை என்று சுட்டினார். விவிலியத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் விட்டாரில்லை. அம்மொழியின் தலைசிறந்த புலவர்களே தேறாத தேர்வு! வழக்கைக் கண்டு சொன்ன அறிவியலாரின் நூலைவிட, விதியை வகுத்துச் சொன்ன சமயத் தலைவரின் நூலே பள்ளிக்கூடங்களிலே பேராட்சி செலுத்திற்று. விதி கூறும் குரலிலே அச்சமூட்டும் ஆற்றல் உண்டு; ஆராயும் குரலுக்கு அந்த ஆற்றல் இல்லை. உலகெங்கும் இதுதானே கதை!

‘அப்படியானால் இலக்கணமே வேண்டாம் என்கிறீர்களா?’ என்று சிலர் சீறக்கூடும். இல்லை. பகுத்தறிவு என்பது சோம்பலுக்குச் சூட்டும் அழகுப் பெயரன்று. பகுத்து அறிதலே பகுத்தறிவு. எனவே, வினாத்தாள் ‘பிழை’ என்று ஒரே பெயரால் அழைப்பதை நாம் மூன்றாகப் பகுத்துக் காண்போம்.

முதலாவது, பொருளைக் கெடுக்கும் பிழை. ‘தெருவிலே நடந்துகொண்டு, ஒரு மரம் என்மீது விழுந்தது’ என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் அடிக்கடி வினாவாக வருவதுண்டு. நடந்தது யார்? மனிதனா, மரமா? வாக்கியத்தின் அமைப்பு மரத்தை நடக்க வைக்கிறது! இங்கே பிழை என்பதற்கு எந்தப் பிஷப்பின் ஆணையும் தேவையில்லை; நம் அறிவே சான்று. எழுவாய் எது, செயல் யாருடையது, காலம் எது என்று கேட்டால் விடை தானே வெளிவரும். நேற்று நடந்ததை நாளையதாகக் கூறுவதும், ஒருவர் செயலை மற்றவர் மீது ஏற்றுவதும் தெளிவின்மை. தெளிவின்மையை ஒழிப்பது அறிவுப்பணி. இவ்வகைப் பிழையைக் கற்றுத் திருத்துவதிலே நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

இரண்டாவது, வழக்கோடு மாறுபடும் பிழை. ‘பேசு’ என்னும் பொருளுடைய ‘டாக்’ என்ற சொல் ‘அபௌட்’ என்ற துணையோடு வரும். ‘விவாதி’ என்னும் பொருளுடைய ‘டிஸ்கஸ்’ அத்துணையை ஏற்காது. ஏன்? அம்மொழியாரின் பழக்கம், அவ்வளவே! ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று தமிழிலே எண்ணுகிறவர் ‘டிஸ்கஸ் அபௌட்’ என எழுதிவிடுகிறார். அவர் அறிவற்றவரல்லர், இரு மொழிகளுக்கு இடையே நிற்பவர். இன்னொன்று பாருங்கள். பெரியப்பா மகன், அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்கு உறவு பெயர் வைத்திருக்கும் நமக்கு, ஆண்பெண் வேறுபாடும் காட்டாத ‘கசின்’ என்னும் ஒற்றைச்சொல் போதவில்லை. ஆகவே ‘கசின் பிரதர்’ என்கிறோம். ‘பிழை!’ என்கிறது விடைக்குறிப்பு. ஆங்கிலேயர் வழக்கிலே பிழைதான். ஆனால், அது நம் வளத்திலே பிறந்த பிழை. வறுமையிலே பிறந்த பிழையன்று. இவ்வகையைக் கற்க வேண்டும், சாலையிலே இடப்புறம் செல்லக் கற்பதைப் போல. இடப்புறம் புனிதமானது என்பதாலா இடப்புறம் செல்கிறோம்? எல்லோரும் ஒரு முறைக்கு உடன்பட்டால் மோதல் இல்லை என்பதால் செல்கிறோம்.

மூன்றாவது வகைதான் முகத்திரை அணிந்து வருவது. வழக்கைப் போலத் தோன்றும். உள்ளே ஆதிக்கம் உறையும். ‘ஒவ்வொருவரும் தம் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும்’ என்று தமிழிலே சொல்கிறோம். ‘தம்’ என்னும் சொல் ஆணையும் பெண்ணையும் ஒரே நிழலிலே நிறுத்துகிறது. அதே கருத்து ஆங்கிலத்திலே வரும்போது, கோடிட்ட இடத்துக்கு ‘ஹிஸ்’ என்னும் ஆண்பாற் சொல்லே சரி என்பது பழைய விதி. 1930-களிலே வெளிவந்து, இன்றளவும் நம் மாணவரின் மேசைகளிலே வீற்றிருக்கும் ரென், மார்ட்டின் இருவரின் இலக்கணமும் அதையே கூறிற்று: ஆணா பெண்ணா என்று தெரியாவிடத்து ஆண்பாலையே ஆள்க! திட்டக்குடிப் பெண், தன் கையிலே தன் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ‘அவனுடைய புத்தகம்’ என்பதே சரி என்று கட்டத்தைக் கருமையாக்க வேண்டும்.

‘ஆண்பால் என்றால் பெண்ணும் அடக்கம்தானே, இதிலென்ன குற்றம்?’ என்பார்கள். அந்த அடக்கத்தின் வரலாற்றைக் காண்போம். சட்டங்களிலே ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1850-இலே சட்டமியற்றிற்று. 1867-இலே வந்த தேர்தல் சட்டம், தகுதியுள்ள ‘ஒவ்வொரு மனிதனுக்கும்’ வாக்குரிமை என்றது; ‘மேன்’ என்பது அங்கே ஆளப்பட்ட சொல். ஆண்பாலிலே நாமும் அடக்கம் என்று சட்டமே சொல்கிறதே என நம்பி, மான்செஸ்டர் நகரப் பெண்கள் 5,000-க்கும் மேற்பட்டோர் வாக்காளர் பட்டியலிலே இடம் கேட்டனர். 1868-இலே நீதிமன்றம் தீர்ப்பளித்தது: இங்கே ‘மேன்’ என்றால் ஆண் மட்டுமே! வரியும் தண்டனையும் வந்தபோது ‘அவன்’ என்பதிலே அவளும் அடக்கம். வாக்குரிமை வந்தபோது அவள் வெளியே! நம் நாட்டிலே 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம், 13-ஆம் பிரிவிலே, ஆண்பாற் சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்ற அதே முறையைக் கொண்டது. இலக்கணம் வெறும் எழுத்து விளையாட்டன்று, தோழர்களே! ஒரு சொல்லின் எல்லை எங்கே முடிகிறதோ, அங்கே ஓர் உரிமையின் எல்லையும் முடிந்துவிடுகிறது.

இந்த அச்சும் இப்போது தேய்ந்து வருகிறது. ஒருவரையே பால் சுட்டாமல் குறிக்கத் ‘தே’, ‘தெயர்’ என்னும் பன்மைச் சொற்களை ஆள்வது ஆங்கிலத்திலே பல நூற்றாண்டுப் பழமையுடையது. ஷேக்ஸ்பியரிடமும் ஜேன் ஆஸ்டினிடமும் காணலாம். அமெரிக்க உளவியல் கழகத்தின் எழுத்துநடைக் கையேடு 2019-இலே வெளிவந்த ஏழாம் பதிப்பிலே இவ்வழக்கை முறையாக ஏற்றுக்கொண்டது. நேற்று பிழை, இன்று முறை!

இதைக் கண்டு நாம் வியக்க வேண்டியதில்லை. நம் இலக்கணத்தார் இதை முன்பே அறிந்திருந்தனர். சரி, பிழை என்ற இரண்டோடு அவர்கள் நின்றாரில்லை. வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்றாகக் கண்டனர். உண்டுகொண்டிருக்கிறவரை வெளியே நின்று அழைத்தால், ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறார். வரவில்லை, கையும் கழுவவில்லை! காலக் கணக்கிலே பிழை. ஆயினும் விரைவைக் காட்டுவதால் ஏற்கத்தக்க பிழை. மகளை ‘வாடா ராசா’ என்கிறாள் தாய். பாற்கணக்கிலே பிழை, அன்பினாலே அமைதி. ஐந்து வழிகள் கொண்ட வினாத்தாளிலே இந்த ஆறாவது வழி இல்லை. மனித வாழ்விலே அதுதான் அகன்ற வழி.

மேலும் ஒன்று. ஒருவரைப் பன்மையாலே ‘அவர்’ என்பது வழக்கிலே வந்த உயர்வுச் சொல். இலக்கண நெறிப்படி அமைந்ததன்று என்று தொல்காப்பியர் வெளிப்படையாகவே கூறினார். அன்று வழக்காக மட்டும் இருந்தது இன்று முறையாகிவிட்டது; ‘ஆசிரியர் வந்தார்’ என்பதைப் பிழை என்பார் யார்? ஆனால், அந்த ‘ஆர்’ விகுதியை யார் யாருக்கு வழங்கினோம்? பண்ணையார் ‘வந்தார்’, பண்ணையிலே உழைத்தவர், அறுபது அகவை கடந்தவராயினும், ‘வந்தான்’! இரண்டு வாக்கியங்களும் இலக்கணப்படி வழுவற்றவை. எந்தத் தேர்வாளரும் அங்கே அடிக்கோடு இடமாட்டார். அடிக்கோடு இட்டது சுயமரியாதை உணர்ச்சி. இலக்கணம் காணாத பிழையை அறம் கண்டது.

இலக்கணம் காணாத பிழைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா? 1963-இலே ஆட்சிமொழி மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. 1965 ஜனவரி 26-க்குப் பின்னரும் ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது மசோதா. ‘மே’ என்பது அங்கே இருந்த சொல். ஆங்கிலத்திலே ஈரெழுத்து, மூவெழுத்துச் சொற்களுக்கு என்ன வலிமை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். மாநிலங்களவையிலே அறிஞர் அண்ணா அதைக் கேட்காமல் விட்டாரில்லை. ‘மே’ என்றால் ‘வேண்டாம்’ என்றும் பின்னாளிலே பொருள் கொள்ளலாமே, ‘ஷல்’ என்று உறுதியாக இருக்கட்டும் என்றார். இவ்விடத்திலே இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்றார் தலைமையமைச்சர் நேரு. ‘மே’ நிலைத்தது. 1964 மே 27-இலே நேரு மறைந்தார். வாக்களித்தவர் போனார், வாக்கியம் இருந்தது. 1965-இலே தமிழகத்து மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள், துப்பாக்கிகள் பேசின, உயிர்கள் பல போயின. 1967-இலே நிறைவேறிய திருத்தச் சட்டத்திலேதான், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்துக்கும் நடுவண் அரசுக்கும் இடையிலான தொடர்புக்கு ஆங்கிலமே பயன்பட வேண்டும் என்று ‘ஷல்’ இடம்பெற்றது. அத்தகைய மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் தீர்மானித்தாலன்றி அந்நிலை மாறாது என்ற காப்பும் வந்தது.

அந்த 1963-ஆம் ஆண்டு வாக்கியத்தை வினாத்தாளிலே போட்டுப் பாருங்கள். எழுவாய் சரி; பயனிலை சரி; காலம் சரி. ‘பிழையில்லை’ என்பதே முழு மதிப்பெண் பெறும் விடை! ஆனால், ஒரு நாட்டு மக்கள் அதிலே பிழை கண்டனர். ‘இது சரியான ஆங்கிலமா?’ என்று கேட்பது தேர்வு. ‘இது யாரைக் காக்கிறது, யாரைக் கைவிடுகிறது?’ என்று கேட்பது அறிவு. முதற்கேள்வியிலே தேறாதவர் இரண்டாவதைக் கேட்க இயலாது. சொல்லின் நுட்பம் அறிந்ததாலன்றோ அண்ணா அந்த ஒரு சொல்லைப் பிடித்தார்! முதற்கேள்வியோடு நின்றுவிடுகிறவரோ, அழகிய வாக்கியத்தாலே ஆளப்படுகிறவர்.

இனி, நாம் எழுப்பிய அறக்கேள்விக்கு வருவோம். திட்டக்குடிப் பெண் ‘ஹிஸ்’ என்னும் விடையைக் குறிக்கலாமா? குறிக்கலாம், குறிப்பது பொய்யாகாது. புராணத்திலே ஏழு உலகம் மேலே, ஏழு உலகம் கீழே என்று சொல்லப்பட்டிருப்பதை எடுத்துக் கூறுகிறவர், அவற்றை நம்புகிறவர் ஆகிவிடுவதில்லை. ‘உங்கள் விதிப்படி விடை இது’ என்று கூறுவது அறிவைக் காட்டுவது. உள்ளத்தை அடகு வைப்பதன்று. வாயிலிலே நிற்பவருக்கு வழி தெரிய வேண்டும். வழி தெரிந்து உள்ளே நுழைந்தவரால்தான் வாயிலை அகலப்படுத்த முடியும். நுழைந்த பின், தாம் பட்ட இடரை மறந்து, பின்னால் வருகிறவர் மீது அதே கதவை அறைந்து சாத்தினால், அப்போதுதான் அது நேர்மைக்கேடு.

ஆகவே, இளைஞர்காள்! விதியைக் கசடறக் கற்றுக்கொள்ளுங்கள். வாக்கியத்தைக் கண்டதும் எழுவாயைத் தேடுங்கள். இடையிலே செருகிய சொற்களை நீக்கிவிட்டுப் பயனிலையோடு பொருத்திப் பாருங்கள். காலம் இசைகிறதா, சுட்டுச்சொல் யாரைச் சுட்டுகிறது என்று ஆராயுங்கள். ஒவ்வொரு விடைக்கும் காரணம் எழுதிப் பழகுங்கள். காரணம் சொல்ல இயலாத இடத்திலே, அது வழக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். வழக்குக்கும் காரணத்துக்கும் வேறுபாடு தெரிந்தவரே மொழியை ஆள்பவர்.

விடைக்குறிப்பே தவறாக இருந்தால் தலையாட்டாதீர்கள். தமிழ்நாட்டுத் தேர்வாணையமே உத்தேச விடைகளை வெளியிட்டு, மறுப்பு இருந்தால் சான்றோடு தெரிவிக்கலாம் என்கிறது. உத்தரப் பிரதேச மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு பற்றிய வழக்கிலே, 1983-இலே உச்சநீதிமன்றம் கூறியது என்ன? விடைக்குறிப்பு சரியென்றே கொள்ளப்பட வேண்டும். ஆனால், அது தவறு என்பது ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டால், பாடநூலின்படி சரியாக விடையளித்த மாணவரைத் தண்டிப்பது முறையாகாது. பணிவும் வேண்டும், துணிவும் வேண்டும் என்பதே அதன் சாரம். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது மறுப்பாகாது. ‘இதோ சான்று’ என்பதே மறுப்பு.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிறரின் பிழையைக் கண்டு நகைக்காதீர்கள். கொச்சை ஆங்கிலம் பேசிய சிற்றூர் மாணவனைப் பார்த்து வகுப்பறை சிரிக்கிறது. மேடையிலே தடுமாறிய தலைவரைப் பார்த்து நகரம் சிரிக்கிறது. பேசியதன் பொருள் விளங்கிய பின்னும் சிரிக்கிறவர், வாக்கியத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வந்த வழியைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பிலே பழைய ஏற்றத்தாழ்வு புதிய உடையணிந்து நிற்கிறது.

நாளை உங்களிலே சிலர் ஆசிரியராவீர்கள். சிலர் ஆணைகள் எழுதுவீர்கள். சிலர் வினாத்தாளையே வகுப்பீர்கள். அன்று உங்கள் பேனா வரையும் ஒவ்வொரு வாக்கியத்தையும் இருமுறை படியுங்கள். ஒருமுறை, இலக்கணம் வழுவாதிருக்கிறதா என்று. மறுமுறை, எவரேனும் அதிலே விடுபட்டிருக்கிறார்களா என்று. இரண்டாம் முறை படித்த பிறகு, ‘பிழையில்லை’ என்று சொல்லுங்கள், அது விடை!